அரிசி சிப்பம் கனத்தில் ஒரு படகு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், வடாம் காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில், ஆரஞ்சு நிறப் படகு ஒன்று கவிழ்ந்து கிடக்கும். தண்ணீர்க் கேன் போடும் பையனிலிருந்து கேபிள்காரர் வரை மாடிக்கு வருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பல்லாவரத்துல எதுக்கு மேடம் போட்டு?"

நியாயமான கேள்வி. பல்லாவரத்தில் மலை இருக்கிறது. தலைக்கு மேலே விமானம் போகிறது. வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய மிக்ஸியிலிருந்து புறாக்குஞ்சு வரை எல்லாம் கிடைக்கிறது. கடல் மட்டும் இல்லை. பெரிய ஏரி என்று ஒன்று உண்டு. அதையும் 200 அடி ரோடு குறுக்கே புகுந்து இரண்டு துண்டாக்கிவிட்டது. அந்தத் துண்டுகளில் படகு விடுகிற ஆசை யாருக்கும் வராது.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குப் படகு தேவைப்பட்டது, இரண்டு வேறு காரணங்களுக்காக. என் கணவருக்கு மீன் பிடிக்க. எனக்கு, அனகாபுத்தூரில் இருக்கும் என் அம்மாவுக்காக. ஒரே படகு இரண்டுக்கும் ஆக வேண்டும், இரண்டு படகு வைக்க இடமும் இல்லை, காசும் இல்லை. அந்த ஒரு படகைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்தக் கதைதான் இது.

டிசம்பர் 2, 2015

அம்மா வீடு அடையாற்றிலிருந்து நான்கு தெரு தள்ளி. வீட்டு முன்னறையில் குழித்தறி. அனகாபுத்தூர் ஒரு காலத்தில் நெசவுக்குப் பேர்போன ஊர். கட்டம் போட்ட துணி இங்கே நெய்து நைஜீரியா வரைக்கும் போயிருக்கிறது. இப்போது தறிச் சத்தம் கேட்கும் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று அம்மாவுடையது.

2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கமாட்டார்கள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் சேர்ந்து, அடுத்து வரும் ஊர் அனகாபுத்தூர்.

குழித்தறி வீட்டில் வெள்ளம் முதலில் குழிக்குள்தான் இறங்கும். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறார். பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. மூட்டு வலியோடு எப்படியோ படியேறி மொட்டை மாடிக்குப் போய்விட்டார். ராத்திரி முழுக்க ஒரு தார்ப்பாய்க்கு அடியில். போன் இல்லை, கரண்ட் இல்லை. என் கணவர் ஆபீஸில் மாட்டிக்கொண்டார். நான் 7-ம் வகுப்பு படிக்கும் மகளோடு பல்லாவரத்தில்.

மறுநாள் காலையில் எப்படியோ நடந்து அம்மா தெரு முனைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே கடற்கரைக் குப்பத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த ஃபைபர் படகு நின்றிருந்தது. அந்த மீனவர்களை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். யாரும் கூப்பிடாமல் வந்தவர்கள். பெரிய தெருவில் அவர்கள் படகு ஜம்மென்று போனது. அம்மா சந்துக்குள் மட்டும் அதால் திரும்ப முடியவில்லை. இரண்டு கரண்ட் கம்பம், தண்ணீருக்கடியில் சாய்ந்துகிடந்த பைக்குகள், ஒரு வீட்டுக்காரர் நீட்டிக் கட்டிய படிக்கட்டு. தள்ளிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். 40 அடி தூரத்தில் மாடியில் நிற்கும் அம்மாவை நான் பார்க்கிறேன். படகும் இருக்கிறது. போகத்தான் முடியவில்லை.

கடைசியில் தெருப் பையன்கள் நான்கு பேர் இரண்டு லாரி டியூபைக் கட்டி, மேலே ஒரு பழைய கதவைப் போட்டு, அதில் அம்மாவை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அம்மா அழவில்லை. படகில் ஏறி உட்கார்ந்ததும், "பாவு போச்சுடி" என்றார். தறியில் ஏற்றியிருந்த பாவும், மூலையில் அடுக்கியிருந்த நூல் கட்டுகளும் சேற்றில். இரண்டு மாத உழைப்பு, கடன் வாங்கிப் போட்ட நூல்.

மிதக்கிற படகெல்லாம் நம்மிடம் வந்து சேராது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

தம்பி காட்டிய கனடா படகு

என் தம்பி டொரன்டோவில் இருக்கிறான். வாரா வாரம் வீடியோ காலில் வருவான். "அக்கா, நல்ல கனூ ஒண்ணு வாங்கிடலாம். இங்க ஆளுக்கு ஆள் வச்சிருக்கான். மீனும் பிடிக்கலாம், வாத்து வேட்டைக்கும் போலாம். ஒரே ஆள் தோள்ல தூக்கிட்டுப் போற அளவுக்கு லைட்டு" என்றான்.

கனூ என்றால் இரண்டு முனையும் கூராக, நடுவில் திறந்திருக்கும் ஒல்லியான துடுப்புப் படகு. அங்கே அது அவ்வளவு இலேசாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏரிகள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒரு ஏரி முடிந்ததும் படகைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். தண்ணீரில் அது நம்மைச் சுமக்கிறது, கரையில் நாம் அதைச் சுமக்கிறோம்.

தம்பி அனுப்பிய விஷயங்களில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 1883-ல் அமெரிக்காவில் நெஸ்மக் என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்பவர், தனக்கென்று ஒரு குட்டிப் படகு செய்துகொண்டார். அவர் குள்ளமான, நோஞ்சான் மனிதர். நுரையீரலும் சரியில்லை, வயதும் 60-ஐத் தாண்டிவிட்டது. வழக்கமான படகைத் தூக்க அவரால் முடியாது. ரஷ்டன் என்ற படகுத் தச்சர் அவருக்காகச் செய்த படகு 9 அடி நீளம், எடை 5 கிலோவுக்கும் குறைவு. அதற்கு 'ஸேரி கேம்ப்' என்று பெயர் வைத்தார். டிக்கன்ஸ் நாவலில் வரும் குடிகார நர்ஸின் பெயர் அது. அவள் தண்ணீரே சேர்த்துக்கொள்ளமாட்டாள், என் படகும் உள்ளே தண்ணீர் விடாது என்பது அவர் கேலி. அந்தப் படகிலேயே 260 மைலுக்கு மேல் சுற்றிவந்தார்.

1944-ல் இன்னொருவர். க்ரம்மன் என்ற விமானக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்த வில்லியம் ஹாஃப்மன், கனமான மரப்படகைக் காட்டில் தூக்கிச் சுமந்து நொந்துபோய், விமானத்துக்குப் போடும் அலுமினியத் தகட்டிலேயே படகு செய்தால் என்ன என்று யோசித்தார். அடுத்த வருடமே க்ரம்மன் அலுமினியக் கனூ விற்பனைக்கு வந்தது. இப்போது குண்டு துளைக்காத சட்டைக்குப் போடும் கெவ்லர் நாரில் செய்கிறார்கள். 17 அடிப் படகு 20 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது.

கேட்கவே ஆசையாக இருந்தது. ஆனால் விலையையும், அதை இங்கே கொண்டுவரும் செலவையும் தம்பி சொன்னதும் என் கணவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஒன்று மட்டும் மனதில் தங்கியது. இலேசு என்பது படகின் குணம் இல்லை, தூக்குகிற ஆளைப் பொறுத்தது. நெஸ்மக் தன் உடம்பை அளந்துதான் படகை அளந்தார்.

பரிசல், கட்டுமரம், காற்றடைத்த படகு

அப்புறம் நம் ஊர்ச் சரக்குகளை யோசித்தோம்.

கல்யாணமான புதிதில் ஒகேனக்கல் போய்ப் பரிசலில் சுற்றியது ஞாபகம் வந்தது. மூங்கில் சிம்பில் கூடை மாதிரி பின்னி, அந்தக் காலத்தில் தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கு போர்த்தித் தார் பூசுகிறார்கள். பாறை இடுக்கிலும் முழங்கால் தண்ணீரிலும் ஓடும். வேலை முடிந்ததும் பரிசல்காரர் அதைக் குடை மாதிரி தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்து போவார். ஆனால் அது வட்டம். எப்படித் திருப்பினாலும் அகலம் குறையாது. அம்மா சந்தில் நிச்சயம் மாட்டிக்கொள்ளும். வருடா வருடம் தார் பூச்சும் பார்க்க வேண்டும்.

கட்டுமரம் என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயர்கள் கேட்டமரான் என்று எடுத்துக்கொண்டு, இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுக்கு வைத்திருக்கிறார்கள். நிஜக் கட்டுமரம் கயிற்றால் சேர்த்துக் கட்டிய கட்டைகள். உள்ளே தண்ணீர் புகுந்து மூழ்குகிற பேச்சே இல்லை, உள் என்று ஒன்றே கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், மறுநாள் தூக்க முடியாது. சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்து கட்டுமரங்கள் குறைந்துவிட்டன.

அடுத்து வெள்ளிக்கிழமை சந்தை. என் கணவர் ஒரு நாள் காலையில் போய் மூட்டை மாதிரி எதையோ தோளில் போட்டுக்கொண்டு வந்தார். காற்றடைத்து ஓட்டும் ரப்பர் படகு. "1,800 சொன்னான், 1,100-க்கு முடிச்சேன்" என்று ஒரே பெருமை.

மாடியில் வைத்துக் காற்றடித்தோம். மத்தியான வெயிலில் விம்மிக்கொண்டு நின்றது. காலையில் பார்த்தால் துவண்டுகிடக்கிறது. ராத்திரிக் குளிரில் காற்று சுருங்கினாலும் கொஞ்சம் தளரத்தான் செய்யும் என்று மகள் பள்ளிப் பாடத்தை எடுத்துவிட்டாள். சரி என்று சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தோம். மூன்று இடத்தில் முட்டை விட்டது. அந்தப் படகின் ஓரத்திலேயே, இதை உயிர்காக்கும் சாதனமாகப் பயன்படுத்தக் கூடாது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை என் கணவர் அப்போதுதான் படித்தார். கடலோரத்தில் பிள்ளைகள் விளையாடும் சாமானை நாங்கள் படகு என்று வாங்கியிருந்தோம்.

நல்ல ரப்பர் படகும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. மீட்புப் படையினர் வைத்திருப்பது தடித்த துணி போட்டது, பல அறைகளாகப் பிரித்தது. ஒன்று கிழிந்தாலும் மற்றவை மிதக்கவைக்கும். அதை வாங்கலாமா என்று யோசிக்கும்போதுதான் ஏரிக்காரர் குறுக்கே வந்தார்.

கருவேல முள்

என் கணவரின் பள்ளித் தோழர் ஒருவர் செங்கல்பட்டு தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கிறார். அங்கே ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தார். படகு கிடைத்தால் இவர் தூண்டில் போடப் போவதாக இருந்ததும் அங்கேதான். ஏரி என்றால் யார் வேண்டுமானாலும் இறங்கிப் பிடிக்கலாம் என்று இல்லை. குத்தகைதாரரிடம் கேட்டுக்கொண்டுதான் வலையோ தூண்டிலோ போட வேண்டும்.

அவருடைய படகைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிவி பெட்டியோடு வரும் தெர்மாகோல் அட்டைகளை அடுக்கி, யூரியா சாக்கில் திணித்து, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிய தெப்பம். அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையிலும் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்துத் தள்ளிக்கொண்டே போய் வலை விரித்துவிட்டு வருகிறார். ஜிலேபி, கெண்டை, அதிர்ஷ்டம் இருந்தால் விரால்.

"எங்க ஏரியில ரப்பர் போட்டு ஒரு நாள் தாங்காது தங்கச்சி" என்றார். "உள்ள பூராவும் சீமைக் கருவேலம். வெயில் காலத்துல வளந்து நிக்கும், மழைக்குத் தண்ணி மூடிக்கும். முள்ளு அடியில நிக்கிறது கண்ணுக்குத் தெரியாது."

அத்தோடு ரப்பர் படகு எண்ணம் போச்சு. வெள்ளத்தில் மட்டும் என்ன, கம்பி வேலியும் உடைந்த கண்ணாடியும் முருங்கை மரக் கிளையும் மிதக்கத்தானே செய்யும்.

இன்னொன்றும் அவர் சொல்லிக்கொடுத்தார். ஒல்லியான நீளப் படகு நேராக, வேகமாகப் போகும். ஆனால் எழுந்து நின்று வீச்சுவலை போட்டால் ஆளைக் கவிழ்த்துவிடும். அகலமானது ஆடாது, ஆனால் துடுப்புப் போட்டால் கை ஓய்ந்துபோகும். "ரெண்டு கிலோமீட்டர் போவணுமா, ரெண்டு மணி நேரம் நிக்கணுமா? அத முதல்ல முடிவு பண்ணுங்க." கனடாப் படகு ஏன் நீளம், அவர் தெப்பம் ஏன் குட்டை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்களுக்கு இரண்டு கிலோமீட்டர் போகிற வேலை எங்கும் இல்லை.

வேட்டைக்காரன் நிறம்

தம்பி வேட்டை என்று சொன்னானே, அதற்கு இங்கே இடமில்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றைக்கு ஏரியில் இறங்கும் நாரையையோ காட்டு வாத்தையோ பிடித்தால் வழக்குதான். சட்டம் வருவதற்கு வெகு முன்பே எங்கள் மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் இதில் முந்திக்கொண்டவர்கள். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட, ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்களாம். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார் என்பார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எரு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

ஆனால் வேட்டைப் படகு எனக்கு ஒரு நல்ல யோசனையைக் கொடுத்தது. தம்பி அனுப்பிய படங்களில் அந்தப் படகுகள் எல்லாம் சேற்றுப் பழுப்பும் இலைப் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தன. நாணலுக்குள் நிறுத்தினால் வாத்துக்குத் தெரியக்கூடாது. வேட்டைக்காரன் படகு ஒளிந்துகொள்ளணும். வெள்ளத்தில் போகிற படகு? ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தாலும், மாடியிலிருந்து பார்த்தாலும், மங்கலான மழையிலும் பளிச்சென்று தெரியணும். கடையில் என்ன நிறம் இருக்கிறதோ அதை வாங்கிவிடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஆரஞ்சுதான். என் கணவர் மட்டும், "மீன் பயந்துடும்" என்று முனகினார். "மீன் இதுவரைக்கும் உங்களுக்குப் பயந்ததா என்ன?" என்றேன்.

சிப்பமும் புடவையும்

கடைசியாக ஒரு ஃபைபர் பட்டறைக்குப் போனோம். படகு, கதவு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் செய்கிற சின்னப் பட்டறை. அதற்கு முன் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் படகையும் பார்த்திருந்தோம். பாறையில் மோதினாலும் நசுங்கி நிமிரும், நல்ல உழைப்பு. ஆனால் கனம். விரிசல் விட்டால் சாதாரணப் பசை அந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டாது. ஃபைபர் உடையும்தான், ஆனால் கொஞ்சம் ரெசினும் ஹார்டனரும் ஒரு துண்டு ஃபைபர் பாயும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாமே ஒட்டிவிடலாம். நீடித்து உழைப்பது என்றால் உடையாமல் இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். உடைந்தால் நம் தெருவிலேயே சரிசெய்ய முடிவதும் அதில் சேர்த்தி.

பட்டறைக்காரர் என் கணவரைப் பார்த்தே பேசினார். "சார், ரெண்டு லேயர் சேத்துப் போட்டுத் தரேன். யானை ஏறினாலும் ஒண்ணும் ஆவாது."

நான் குறுக்கே புகுந்தேன். "வேணாம்ணா. மொத்தம் 25 கிலோ தாண்டக் கூடாது."

அந்தக் கணக்கு எனக்குக் கடையில் கிடைத்தது. 25 கிலோ அரிசி சிப்பத்தை நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முதல் மாடிக்குத் தூக்கிவிடுவோம். மாதா மாதம் செய்கிற வேலை. 2015-ல் வெள்ளம் வந்தபோது வீட்டில் ஆண்பிள்ளை யாருமில்லை. அடுத்த தடவையும் அப்படியே இருக்கலாம். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்களால் தூக்க முடியாத படகு எவ்வளவு உறுதியாக இருந்து என்ன?

நீளத்துக்கு என் புடவை. ஆறு கெஜம் என்பது 18 அடி. தம்பி சொன்ன 17 அடிக் கனூ ஏறக்குறைய ஒரு முழுப் புடவை. அதைப் பிரித்து எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் பிடித்துப் பார்த்தோம், சுவரில் முட்டியது. பாதிக்குக் கொஞ்சம் மேலே, 10 அடியில் மடித்துப் பிடித்தபோது தாராளமாகத் திரும்பியது. அம்மா வீட்டுச் சந்திலும் போய் அதே மாதிரி அளந்தோம். பக்கத்து வீட்டு அக்கா, "என்னடி, தெருவுலயே புடவை காயப்போடறீங்க?" என்றார்.

அப்படித்தான் எங்கள் படகு பிறந்தது. 10 அடி நீளம், 3 அடிக்கு இரண்டு விரல் குறைந்த அகலம், ஓர் அடி ஆழம். பக்கவாட்டில் சாய்த்தால் எந்த வாசலிலும் நுழையும். இரண்டு முனையிலும் தெர்மாகோல் கட்டையை வைத்து ஃபைபரால் மூடச் சொன்னோம். முழுக்கத் தண்ணீர் நிரம்பினாலும் அந்தக் காற்று அதை மூழ்கவிடாது. பட்டறைத் தராசில் 24 கிலோ வந்தது.

செங்கல்பட்டு ஏரியில் வெள்ளோட்டம். கரையோர ஆழத்திலேயே வேண்டுமென்று தண்ணீரை நிரப்பிப் பார்த்தோம். விளிம்பு வரைக்கும் மூழ்கி, அதற்கு மேல் போகமாட்டேன் என்று நின்றது. குத்தகைக்காரர் முள்மேல் இழுத்துப் பார்த்தார். கீறல்தான் விழுந்தது. இரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறவே கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டேன். என் கணவர் அன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு ஜிலேபியைப் பிடித்தார். அதன் படம் எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் இன்னும் இருக்கிறது.

படகு செய்த வேலை

அம்மாவுக்குப் படகே பிடிக்கவில்லை. "ஆறு வந்தா நான் இதுல ஏறிப் போவேனாடி? தறிய உட்டுட்டு?" என்பார். ஆனாலும் வருடா வருடம் புரட்டாசி முடிந்ததும் படகைக் குட்டி யானையில் ஏற்றி அனகாபுத்தூருக்குக் கொண்டுபோய் அம்மாவின் முன்னறையில் வைத்துவிடுவோம். பொங்கல் முடிந்ததும் திரும்ப எங்கள் மாடிக்கு. அம்மா அதில் உட்கார்ந்து கீரை ஆய்வார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதில் பள்ளிக்கூட விளையாட்டு.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். 3-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நானும் மகளும் அம்மாவைக் கூட்டிவரப் போனோம். வரமாட்டேன் என்றார். "நூலு இருக்கு. பாவு ஏத்தி வச்சிருக்கேன். போன தடவ போனது போதாதா?"

மகள்தான் கேட்டாள். "ஆயா, நீ ஏற மாட்டேன்னா நூல ஏத்திடலாமா?"

அம்மா அவளையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எதுவும் பேசாமல் எழுந்து பாவைச் சுருட்ட ஆரம்பித்தார். ராத்திரி 9 மணி வரைக்கும் மூன்று தலைமுறையும் சேர்ந்து வேலை செய்தோம். பாவு, அச்சு, விழுது, நூல் கட்டுகள், தைத்து முடித்த துணி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் படகில் அடுக்கினோம். கனமானதை நடுவில், அடியில். மேலே தார்ப்பாய். படகை ஜன்னல் கம்பியில் கட்டும்போது கயிற்றைத் தொய்வாக விட்டேன். இறுக்கிக் கட்டினால் தண்ணீர் ஏற ஏறக் கயிறு படகை ஒரு பக்கம் கீழே இழுத்துக் கவிழ்த்துவிடும். ஏரிக்காரர் சொல்லிக்கொடுத்தது.

அம்மா பல்லாவரம் வந்துவிட்டார். நான்காம் தேதி முழுக்க மழையும் காற்றும். அம்மா ஜன்னலோரத்தை விட்டு நகரவில்லை.

புதன்கிழமைதான் போக முடிந்தது. கதவைத் தள்ளினால் சேறு. சுவரில் முழங்காலுக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு. குழியில் இன்னும் தண்ணீர். படகு, வைத்த இடத்திலிருந்து கொஞ்சம் விலகி, பீரோவில் மூக்கை இடித்துக்கொண்டு சேற்றின்மேல் உட்கார்ந்திருந்தது. அது வீட்டுக்குள்ளேயே மிதந்து, வீட்டுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. அம்மா தார்ப்பாயை விலக்கி ஒரு நூல் கட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை.

"மீனு புடிக்க வாங்குனீங்க" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். "நூலு புடிச்சிருக்கு மாப்ள."

ஐந்து வருடத்தில் அந்தப் படகு ஒருவரையும் வெள்ளத்திலிருந்து காப்பாற்றவில்லை. அதற்கு அவசியமே வரவில்லை. புயல் அறிவிப்பு வந்ததும் அம்மாவை வீட்டைவிட்டுக் கிளம்பவைத்தது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும். ஆறு ஓடும்போது தெருவில் படகு ஓட்டுகிற துணிச்சல் எங்களுக்குக் கிடையாது. இழுப்பும், அறுந்த கரண்ட் கம்பியும், திறந்த சாக்கடை மூடியும் எந்தப் படகுக்கும் ஆபத்து. அந்த வேலை தெரிந்தவர்களுக்கானது. நமக்கானது முந்தின நாள் வேலை.

தாழ்வான பகுதியில் வீடு இருந்து, நீங்களும் இப்படி ஒன்று வாங்க நினைத்தால், விலை கேட்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். வீட்டில் பகலில் இருப்பவர்கள் யாரோ, அவர்களை ஓர் அரிசி சிப்பத்தைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு ஒரு புடவையை எடுத்துக்கொண்டு உங்கள் சந்தையும் படிக்கட்டையும் அளந்துவிட்டு வாருங்கள். எந்தப் படகு வேண்டும் என்பது அப்போதே பாதி தெரிந்துவிடும்.

போன வாரம் புதிதாக வந்த தண்ணீர்க் கேன் பையன் மாடியில் நின்று அதே கேள்வியைக் கேட்டான். அம்மா அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"அது என் தறிக்கு வாங்குனது தம்பி. சும்மா இருக்கும்போது மாப்ள மீன் பிடிப்பாரு."